பேராண்டியின் பூட்டும் பெரிய கிளாக்கரின் பென்சிலும்

ஓடிக்கிட்டிருக்கிற மெஷின நிறுத்தாமயே ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு மாத்திட்டேன்னு நேத்து ராத்திரி இஸ்தோப்புல ஒக்காந்து நீ பெருமையடிச்சப்ப, உங்க பாட்டி வெத்தல இடிக்கிறத நிறுத்திட்டு, "இவன் எதத் தூக்கிட்டுப் போனானாம்?"னு என்னையக் கேட்டா. "ஒண்ணையும் தூக்கல, தூக்காமயே போய்ச் சேர வச்சிருக்கான், அதுக்குத்தான் சம்பளம்"னேன். அவளுக்கு நம்பிக்கை வரல. எனக்கு வந்துச்சு. ஏன்னா இந்தத் தொழில நான் ஒனக்கு முன்னாடியே பாத்திருக்கேன், கரண்டு இல்லாம.

சிரிக்காத ராசா. நீ பசறை ரோட்டுல ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துல படிச்சுப் பட்டம் வாங்குனவன். நான் எஸ்.எஸ்.சி.யோட நின்னு, தோட்டத்து ஆபிஸ்ல செக்ரோல், அதான் வேலையாளுகளோட நாள் கணக்குப் புத்தகம், எழுதியே மூக்குக் கண்ணாடி வாங்குனவன். ஆனா நீ சொன்னத ஒண்ணு விடாம கேட்டேன். புரியாத எடத்துல தலைய ஆட்டுனேன், புரிஞ்ச எடத்துல தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். கிழவன் தூங்குறான்னு நெனச்சாத்தான் சின்னப் பசங்க வாயில உண்மை வரும். "சில நேரம் முடியாமயே இழுத்துக்கிட்டு கெடக்கும்டா, அப்ப நாங்க வெளிய சொல்ல மாட்டோம்"னு ஒன் கூட்டாளிகிட்ட போன்ல சொன்னியே, அது எல்லாத்த விடவும் நல்லாவே காதுல விழுந்துச்சு.

நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாரு. ஒரு பெரிய இரும்புப் பொட்டி. அதுக்குள்ள நாலஞ்சு வெர்ச்சுவல் மெஷின். ஒவ்வொண்ணும் இந்தப் பொட்டியே தனக்குத்தான் எழுதி வச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டு வேல செய்யுது. மேல ஹைப்பர்வைசர்னு ஒருத்தன் ஒக்காந்து, யாருக்கு எவ்வளவுன்னு அளந்து குடுக்குறான். மெமரிய நாலு நாலு கிலோபைட்டா பக்கம் பக்கமா வெட்டி வச்சிருக்கான். 4 ஜிகாபைட் மெமரி இருக்குற மெஷினுக்கு 1,048,576 பக்கம். நான் ஆயுசு பூரா எழுதுன செக்ரோல அடுக்குனாலும் அத்தன பக்கம் வராது. இத்தனையையும் பாத்து எழுதி அடுத்த சர்வருக்கு அனுப்பணும். மெஷின நிறுத்திட்டு எழுதுனா ஒரு சள்ளையும் இல்ல. நிறுத்துனா பேங்க்ல க்யூ நிக்கும், ஆஸ்பத்திரியில நம்பர் நிக்கும், ஒன் மேனேசர் ஒனக்குப் போன் போடுவார். அதனால அது எழுதிக்கிட்டே இருக்கும், நீ பாத்து எழுதிக்கிட்டே இருப்ப. இங்கதான்டா வினை.

இதே வினையில 1992ல நான் மாட்டுனேன். 1975ல வெள்ளக்காரக் கம்பனிக கிட்ட இருந்து அரசாங்கம் எடுத்த தோட்டங்க, 1992ல நிர்வாகத்துக்காக மறுபடியும் கம்பனிக கைக்குப் போச்சுது. சட்டத்துல அது ஒரு கையெழுத்து. ஆபிஸ்ல அது என்னோட முதுகு. மாசம் பாதியில இருக்கு, செக்ரோல் ஓடிக்கிட்டு இருக்கு, புது ஆபிஸுக்குப் புதுப் புத்தகத்துல எல்லாத்தையும் எழுதிக் குடுன்னு உத்தரவு. கொழுந்து நமக்காகக் காத்திருக்குமா? ரெண்டு நாள் விட்டா முத்திப் போகும். காலையில ஆள் எண்ணுறதுக்குப் பெரட்டு கூப்புடணும், கங்காணி துண்டு கொண்டாந்து குடுக்கணும், பேர் விழணும்.

நான் ஒரு பக்கத்தப் பாத்து எழுதி முடிச்சுத் திருப்புறேன். அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள பெரிய கிளாக்கர் பென்சில எடுத்துக்கிட்டு வந்து அதே பக்கத்துல ஒரு முழுப்பேர, அதாவது முழு நாள் கூலிய, அரைப்பேரா மாத்திட்டுப் போயிர்றார். கேட்டா, "அளவு கொறஞ்சிருச்சு"ங்கிறார். மத்தியானம் கங்காணி வந்து, "அந்தக் கொழுந்து அடுத்த சாக்குல கலந்திருச்சுங்க"ன்னு நிக்கிறான். மறுபடி அரைப்பேர் முழுப்பேராகுது. என் புதுப் புத்தகத்துல எது நிக்குது? எனக்கே தெரியாது. மொதல்ல இருந்து எழுதுனா, மொதல்ல இருந்தே மாறிக்கிட்டு இருக்கும். பெரிய கிளாக்கர எழுதாதீங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இருந்திருந்தா நான் அந்த ஆபிஸ்லயா இருந்திருப்பேன்?

அதனால நூல் கட்டுனேன். சாக்குத் தைக்கிற நூல். பழைய செக்ரோல்ல ஒவ்வொரு பக்கத்தையும் மூலையில சுருட்டி ஒரு முடிச்சு. எழுத வேணாம்னு யாருக்கும் சொல்லல. எழுதணும்னா முடிச்ச அவுக்கணும், அவுத்தவுடனே பக்கத்துல வச்சிருக்கிற துண்டுக் காயிதத்துல அந்தப் பக்க நம்பருக்கு நேரா ஒரு கோடு போடணும், அவ்வளவுதான். அப்புறம் அன்னைக்கு முழுக்க அந்தப் பக்கத்துல என்ன வேணா கிறுக்கிக்கலாம், ரெண்டாந்தரம் கோடு போட வேணாம். ராத்திரி நான் துண்டப் பாப்பேன். கோடு விழுந்த பக்கத்துக்கு மறுபடி முடிச்சுப் போட்டு, அத மட்டும் திரும்ப எழுதுவேன். மொத நாள் முழுப் புத்தகம், ரெண்டாம் நாள் அதுல பாதி, அப்புறம் கை விரல்ல எண்ணுற அளவு. கடைசியில சாயங்காலம் ஆபிஸ் கதவ அரமணி நேரம் சாத்திட்டு, மிச்சம் இருந்த நாலு பக்கத்தையும் எழுதி முடிச்சு, அடுத்த நாள் பெரட்டுக்குப் புதுப் புத்தகத்தத் தூக்கிட்டுப் போயிட்டேன். வேலையாளுக்கு ஒண்ணும் தெரியாது. அரமணி நேரம் ஆபிஸ் பூட்டியிருந்ததுக்கு, கிளாக்கர் சாயத் தண்ணி குடிக்கப் போயிருப்பார்னு நெனச்சுக்கிட்டாங்க.

உங்க பாட்டி இத நம்ப மாட்டா. இந்தக் கதையில வருசத்துக்கு ஒரு முடிச்சு கூடிக்கிட்டே போகுதும்பா. அவ கெடக்குறா.

நீ செய்யுறதும் இதேதானே? மெஷினோட எல்லாப் பக்கத்தையும் எழுத முடியாதபடி பூட்டிர்ற. உள்ள ஓடுற மெஷினுக்கு இந்தச் சேதியே தெரியாது. அது பாட்டுக்கு எழுதப் போகுது. இன்டெல்லா இருந்தாலும் ஏஎம்டியா இருந்தாலும் பிராசசர் ஹைப்பர்வைசர் வச்சிருக்குற ரெண்டாவது பக்க அட்டவணையப் பாத்து, "இங்க எழுத அனுமதி இல்ல"ன்னு ஹைப்பர்வைசரக் கூப்புடுது. அவன் வந்து பிட்மேப்புல ஒரு புள்ளி வைக்கிறான், பூட்டத் தெறந்து விட்டுட்டுப் போறான். அடுத்த தடவ அதே பக்கத்துல எழுதுனா யாரும் வர மாட்டாங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளி. 4 ஜிகாபைட் மெஷினுக்கே அந்தத் துண்டுக் காயிதம் மொத்தமா 128 கிலோபைட்தான். நல்லா யோசிச்சிருக்கானுங்க. பூட்டுன்னு பேர வச்சுட்டு, தட்டுன ஒடனே தெறந்து விடுற பூட்டு. எழுத விடாம தடுக்குறதுக்கு இல்ல, எந்தப் பக்கத்துல எழுதுனாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. தோட்டத்து ஆபிஸ்ல நூறு வருசமா இது ஒண்ணுதான்டா இல்லாம போச்சு.

இத நீங்க கொழும்புல கண்டுபுடிச்சதா நேத்து ஒரு தோரணையில பேசுன. 2003லேயே விஎம்வேர்காரன் விமோஷன்னு வித்துக்கிட்டிருந்தான். 2005ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பசங்க ஸென்னுங்கிற ஹைப்பர்வைசர்ல இதச் செஞ்சு காட்டுனாங்க. ஆளுங்க க்வேக் வெளயாடிக்கிட்டு இருக்கப்பவே அந்த வெளயாட்டு சர்வரத் தூக்கி மாத்துனாங்களாம். நின்னது 60 மில்லி செக்கன். சுட்டுக்கிட்டிருந்தவனுக்குச் சுட்ட குண்டு பிசகல. ஒலகத்துல பெரிய பெரிய வித்தையெல்லாம் இப்பிடி வெளயாடுறவனுக்கு இடைஞ்சல் இல்லாமத்தான் மொதல்ல வந்திருக்கு. சம்பளநாளுக்கு இடைஞ்சல் இல்லாம வர கொஞ்சம் நாளாகும்.

இப்ப கொஞ்சம் கிட்ட வந்து கேளு, ஏன்னா இந்த எடத்துலதான் ஒன்ன மாதிரி கெட்டிக்காரன் வழுக்கி விழுவான். மொதல்ல எது? முடிச்சா, பாத்து எழுதுறதா?

எனக்கு ஒத்தாசைக்கு ஆபிஸ் பையன் ஒருத்தன் இருந்தான். சுறுசுறுப்பு. மொதல்ல பக்கத்தப் பாத்து எழுதுவான், எழுதி முடிச்ச கையோட முடிச்சுப் போடுவான். கேக்க ஒழுங்காத்தானே இருக்கு? அவன் எழுதி முடிச்சு நூல எடுக்கக் குனிஞ்ச நேரத்துல பெரிய கிளாக்கர் வந்து மூணாம் லயத்து அக்காவோட அரைப்பேர முழுப்பேராத் திருத்திட்டுப் போயிட்டார். அப்புறம் முடிச்சு விழுந்துச்சு. முடிச்சு அப்பிடியே இருக்கு, துண்டுல கோடு இல்ல, எல்லாம் சுத்தம். புதுப் புத்தகத்துல அக்காவுக்கு அரைப்பேர். சாட்சி சொல்ல ஒருத்தனும் இல்ல. அவன் முடிச்ச மொதல்ல போட்டுட்டு அப்புறம் எழுதியிருந்தா, அந்தத் திருத்தம் நூல அவுத்திருக்கும், கோடு விழுந்திருக்கும், ராத்திரி என் கண்ணுல பட்டிருக்கும். ஒங்க ஊட்டு மெஷின்லயும் இதான் சட்டம்: துண்டப் பாத்து அழிச்சிட்டுப் பூட்டு, அப்புறந்தான் பக்கத்த எடு. அதுலயும் ஒரு சங்கதி, பூட்டுனேன்னு நீ அட்டவணையில எழுதுனா மட்டும் போதாது. ஒவ்வொரு பிராசசரும் பழைய அனுமதிய டிஎல்பின்னு ஒரு சட்டப்பையில வச்சுக்கிட்டுத் திரியுது. அதையும் உதறச் சொல்லணும். உதறாத பிராசசர், "எனக்குத்தான் நேத்தே அனுமதி குடுத்தாச்சே"ன்னு மணி அடிக்காம எழுதிட்டுப் போகும். பெரட்டுக்களத்துல உத்தரவு போட்டா, மேல் மலையில நிக்கிற கங்காணிக்கு அது தானா போய்ச் சேராதுடா.

அந்த அக்கா விட்டுச்சான்னு கேக்குறியா? அத அப்புறம் சொல்றேன்.

வேகத்துக்கு வருவோம். ஒன் லைன் ஒரு செக்கனுக்கு ஒரு ஜிகாபிட்னு வையி. அதுல ஒரு செக்கனுக்கு முப்பதாயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். 4 ஜிகாபைட்டயும் ஒரு தடவ அனுப்பவே அர நிமிசத்துக்கு மேல ஆகும். உள்ள இருக்குற மெஷின் செக்கனுக்கு நாப்பதாயிரம் பக்கத்துல எழுதுனா? நீ அனுப்ப அனுப்ப கோடு விழுந்துக்கிட்டே இருக்கும், ஒன் வேல என்னைக்கும் முடியாது. அதான் நீ கூட்டாளிகிட்ட ரகசியமாச் சொன்ன இழுபறி. அதுக்கு வழி என்னன்னு ஒன் புத்தகத்துல பாத்தேன். வெர்ச்சுவல் மெஷின ஓட்டுற கியூஎம்யூங்கிற சாப்ட்வேர்ல ஆட்டோ கன்வெர்ஜ்னு ஒண்ணு வச்சிருக்காங்களாம். வேகமா எழுதுற மெஷினோட பிராசசரப் புடிச்சு அமுக்கி, கொஞ்சங் கொஞ்சமா மெதுவாக்கி, நீ எட்டிப் புடிக்கிற வேகத்துக்குக் கொண்டாந்து விட்டுர்றது. நம்ம மலையில வேகமா கொழுந்தெடுக்குற பொம்பளைக்கு அடுத்த வாரம் அளவக் கூட்டுவாங்க. நீங்க வேகமா வேல செய்யுறவன நடக்க விடாம காலப் புடிச்சுக்கிறீங்க. ரெண்டும் நிர்வாகந்தான். கணக்கு எழுதுறவன் கை சுணங்குனா, தண்டனை வேல செய்யுறவனுக்கு. இதுல மட்டும் பதுளைக்கும் கலிபோர்னியாவுக்கும் வித்தியாசம் இல்ல.

பெரிய பக்கம் விசயத்துலயும் கெட்டிக்காரத்தனம் பண்ணாத. வேகத்துக்காக மெமரிய 2 மெகாபைட் பக்கமா வச்சுக்குவீங்க, ஒண்ணுல 512 சின்னப் பக்கம் அடங்கும். சாதாரண நாள்ல அது நல்லதுதான். ஆனா மாத்துற நேரத்துல அதுல ஒரு எழுத்து மாறுனா 2 மெகாபைட்டயும் திரும்ப அனுப்ப வேண்டி வரும். ஒரு பேர் திருத்துனதுக்கு முழு மாசச் செக்ரோலயும் திரும்ப எழுதச் சொன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன். அதனால அந்த நேரத்துக்கு மட்டும் பெருச நாலு கிலோபைட்டா ஒடைச்சுப் பூட்டுறாங்க. இன்டெல்காரன் இன்னும் ஒரு படி மேல போயி, ஒவ்வொரு தடவையும் ஹைப்பர்வைசரக் கூப்புட வேணாம்னு, எழுதுன பக்க நம்பர பிராசசரே ஒரு பட்டியல்ல போட்டுக்கிட்டு, 512 நம்பர் நெறஞ்ச ஒடனே மட்டும் கூப்புடுற வசதி குடுத்திருக்கான். எனக்கு அப்பிடி ஒரு பென்சில் கெடச்சிருந்தா...

சரி, ஸ்நாப்ஷாட். நேத்து இந்த எடம் வந்தப்ப, "ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. தப்பு. பூட்டு ஒண்ணுதான், புத்தி வேற.

மாத்துறப்ப எனக்கு வேண்டியது கடைசி எழுத்து. பெரிய கிளாக்கர் ஒரு பேர எட்டுத் தடவ திருத்துனா எட்டாவதுதான் புதுப் புத்தகத்துக்கு வேணும். ஆனா ஒரு தடவ ஆடிட்டர் வந்து, "பதினஞ்சாந் தேதி சாயங்காலம் நாலு மணிக்குச் செக்ரோல் எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே எனக்கு வேணும்"னு கேட்டார். அதுக்கு அப்புறம் விழுந்த எந்தக் கோடும் அவருக்கு ஆகாது. அப்பயும் நாலு மணிக்கு எல்லாப் பக்கத்துக்கும் முடிச்சுத்தான் போட்டேன். ஆனா யாராவது முடிச்ச அவுக்க வந்தா, "கொஞ்சம் பொறுங்க"ன்னு கையப் புடிச்சு, இருக்குற பழைய எழுத்த அப்பிடியே ஆடிட்டர் புத்தகத்துல எழுதிட்டு அப்புறந்தான் அவுக்க விட்டேன். யாரும் தொடாத பக்கங்கள ஓய்வா நானே எழுதி நானே முடிச்ச அவுத்துக்கிட்டு வந்தேன். ஒரு பக்கத்த ஒரு தடவதான் எழுதணும், அதுக்கு மேல இல்ல. அதனால இந்த வேலைக்கு முடிவு உண்டு. மாத்துற வேல மாதிரி முடியாம இழுத்துக்கிட்டுக் கெடக்காது.

ஒங்க லினக்ஸ்ல இதுக்கு யூசர்பால்ட்எப்டின்னு ஒரு வாசல் இருக்கு. 2015ல 4.3 வந்தப்ப வச்சது. அப்ப அது இல்லாத பக்கத்தத் தேடி வர்றவனுக்குப் பதில் சொல்றதுக்கு மட்டும். எழுத வர்றவனக் கையப் புடிச்சு நிறுத்துற வித்தைய 2020ல 5.7லதான் சேத்தாங்க. 2021 ஏப்ரல்ல கியூஎம்யூ 6.0 அத வச்சு மெஷின் ஓட ஓடப் பின்னால ஸ்நாப்ஷாட் எடுக்கப் பழகிக்கிச்சு.

இதுல ஒரு வேடிக்கை. இன்னும் யாரும் தொடாத பக்கம்னு சில பக்கம் இருக்குமே, உள்ள மெஷினுக்கு இருக்குன்னு சொல்லியிருப்பீங்க, ஆனா நெசத்துல ஒதுக்கியே இருக்க மாட்டீங்க. இல்லாத காயிதத்துல நான் எங்கடா முடிச்சுப் போடுறது? அந்தப் பூட்டும் அப்பிடியே நழுவிப் போச்சு. அதனால கியூஎம்யூ பூட்டுறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவ சும்மா வாசிச்சுப் பாக்குது, வாசிக்கவாவது அங்க ஒரு தாள் வந்து நிக்கட்டும்னு. இல்லாத பக்கத்துக்கும் பூட்டுப் போடுற வழி 2023ல லினக்ஸ் 6.4லதான் வந்துச்சு. இல்லாத ஆளுக்குப் பேர் போடுற வித்த எங்க ஆபிஸ்ல ரொம்பக் காலத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. அதப் பத்தி நாம பேச வேணாம்.

பின்வாசல் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுக்க. முடிச்சு போட்டது கிளாக்கருக்கு. பெரிய தொர நேரா வந்து பக்கத்தப் பிரிச்சு எழுதுனா? அவருக்கு முடிச்சும் தெரியாது, துண்டும் தெரியாது. மெஷினுக்கு நேரா கட்டி விட்ட நெட்வர்க் கார்டு, டிஸ்க் கார்டு எல்லாம் அந்த ஜாதி. அதுக பிராசசர் கிட்ட கேக்காம மெமரியில நேரா எழுதுங்க. நீ அட்டவணையில போட்ட பூட்டு அதுகளக் கட்டுப்படுத்தாது. அதனாலதான் அப்பிடிக் கார்டு கட்டுன மெஷின இடம் மாத்த முடியாதுன்னு ரொம்ப நாள் கையெடுத்துக் கும்புட்டாங்க. எழுதுனத அதுகளே ஒப்புக்குற மாதிரி செஞ்சாத்தான் மாத்தலாம். பெரிய எடத்துக்காரங்க தாங்களா முன்வந்து ஒப்புக்கிட்டாத்தான் உண்டுங்கிறது கம்பியூட்டருக்கும் பொது விதியா இருக்குறது எனக்கு ஒரு ஆறுதல்.

பூட்டே வேணாம்னு ஒரு குறுக்கு வழி சொன்னியே, போஸ்ட்காப்பி. ஆள மொதல்ல அனுப்பிர்றது, நெனப்ப அப்புறமா தேவைக்குத் தேவை வரவழைக்கிறது. எந்தப் பக்கம் வேணும்னு அங்க போய் நிக்கிறப்பத்தான் இங்க இருந்து எடுத்தனுப்புறது. வேகந்தான், ஒரு பக்கம் ஒரு தடவதான் போகும். ஆனா நடுவுல லைன் அறுந்துச்சுன்னா பாதி அங்க, பாதி இங்க, ரெண்டு பக்கமும் முழுசா ஒண்ணும் இல்ல. இத நீ எனக்குச் சொல்லிக் குடுக்க வேணாம். 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நம்ம மலையகத்துச் சனத்த 525,000 பேரு இந்தியாப் பக்கம், 300,000 பேரு இந்தப் பக்கம்னு பிரிச்சாங்க. மிச்சம் இருந்த 150,000 பேர அப்புறம் பேசிக்கலாம்னு வச்சு, 1974ல ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டாங்க. நம்ம பக்கத்துல இருந்தும் எத்தன குடும்பம் தலைமன்னார் போயி கப்பல் ஏறுச்சு தெரியுமா? உடம்பு மண்டபம் கேம்புக்கும் நீலகிரிக்கும் போய்ச் சேந்துச்சு. காயிதம், காசு, கூடப் பொறந்தவன் எல்லாம் இங்க. எழுதிக் கேட்டா கடுதாசி வரும். கடுதாசி நின்னு போன வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கோத்தகிரியில கேட்டுப் பாரு. இதப் பாத்து வளந்தவன்டா நான், அதனால போஸ்ட்காப்பியில லைன் அறாது தாத்தான்னு சொன்னா கொஞ்சம் நிதானமாத்தான் தலையாட்டுவேன்.

மூணாம் லயத்து அக்காவுக்கு வருவோம். சம்பளநாள்ல அரநாள் கொறையுதுன்னு வந்து நின்னுச்சு. புதுப் புத்தகம் அரைப்பேருங்குது. பழைய புத்தகம் கட்டி பெட்டிக்குள்ள போயாச்சு. பெரிய கிளாக்கர், "எழுதுனது எழுதுனதுதான்"னார். அக்கா ஒண்ணும் சண்ட போடல. எங்க எல்லாரையும் லயத்துக்கு வரச் சொல்லுச்சு. காம்பிரா செவுத்துல, அடுப்புக்குப் பக்கத்துல, கரியால கோடு. முழுப்பேருக்குப் பெரிய கோடு, அரைப்பேருக்குச் சின்னக் கோடு, வார முடிவுல ஒரு சுழி. அந்த நாளுக்குப் பெரிய கோடு நிக்குது. கங்காணி பாத்துட்டு, "ஆமாங்க, அன்னைக்கு முழுப்பேர்தான்"னு ஒப்புக்கிட்டான். பென்சிலும் ரப்பரும் ஆபிஸ்ல. கரிக்கோடு லயத்துல. பெரிய கிளாக்கர் கை அங்க எட்டாது. அக்காவுக்கு அரநாள் காசு கெடச்சுச்சு.

ஒங்க கொழும்புக்காரங்களுக்கு அந்தக் கரிக்கோடு இல்லாம போச்சு. 2023 ஆகஸ்ட் 26ல லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்ல ரான்சம்வேர் பூந்து, gov.lk ஈமெயில் வச்சிருந்த 5,000 கணக்கு வரைக்கும் அடிபட்டுச்சு. மே 17ல இருந்து அன்னைக்கு வரைக்கும் வந்த கடுதாசி அத்தனையும் போச்சு. பேக்கப் இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு, ஆனா ஆன்லைன்ல, அதே வீட்டுக்குள்ள. திருடன் அதையும் சேத்துப் பூட்டிட்டான். அந்த மாசங்களுக்கு வெளிய எடுத்து வச்ச பேக்கப் இல்லன்னு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்துத் தலைமை நிறைவேற்று அதிகாரியே சொன்னார். ஓடிக்கிட்டிருந்தது மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. மாத்தணும்னு பேசிக்கிட்டே இருந்திருக்காங்க, காசு இல்ல, போர்டு எடுத்த பழைய முடிவுன்னு தள்ளித் தள்ளிப் போயிருக்கு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 2021 ஜூலையில, அதே கிளவுட்ல இருந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையோட தரவு அழிஞ்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சு. அதுக்கப்புறமும் செவுத்துல கோடு போடணும்னு ஒருத்தருக்கும் தோணல.

ஆனா நீ அப்பிடியெல்லாம் கவலப்படாத பேராண்டி. நீ ராத்திரிக்கு ராத்திரி ஸ்நாப்ஷாட் எடுக்குற, அத அதே சர்வர்ல அதே டிஸ்க்குல அதே பாஸ்வர்டுக்குக் கீழ வச்சிருக்குற. ரொம்ப வசதி. ஒரு வேள டிஸ்க்கு போச்சுன்னா, மெஷினும் ஸ்நாப்ஷாட்டும் ஒண்ணாவே போகும், ஒண்ணத் தேடி ஒண்ணு அலையாது. எவனாவது உள்ள பூந்தா, அவனுக்கும் ரெண்டு எடம் தேட வேண்டிய சள்ளை இல்ல. பேக்கப்ப மீட்டுப் பாக்குறது மட்டும் வேணவே வேணாம். மீட்டுப் பாத்தாத்தானே தெறக்கலன்னு தெரியும்? பாக்காத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்ம தோட்டத்து ஆபிஸ் அலமாரியும் அப்பிடித்தான் ரொம்ப நாள் நல்லா இருந்துச்சு, கரையான் பாக்குற வரைக்கும்.

என்ன, முழிக்கிற? கடைசியா எப்ப ஒரு ஸ்நாப்ஷாட்டத் தனியா எடுத்துட்டுப் போயி வேற மெஷின்ல தெறந்து பாத்த? சொல்லு... சரி, சொல்ல வேணாம். திங்கக்கெழம ஆபிஸுக்குப் போன ஒடனே பாரு. தெறக்கலன்னா மேனேசருக்கு மொதல்ல சொல்லு, எனக்கு அப்புறம் சொல்லு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல. ஒங்க மாமா டுபாய்ல இருந்து புதுப் போன் அனுப்பியிருக்கான். என் பழைய போன்ல இருக்குற நம்பர், கல்யாணப் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாத்தையும் இதுக்கு மாத்திக் குடு. பழசு ஆப் ஆகக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரத்துல பண்டாரவளையில இருந்து ஒங்க சின்னத் தாத்தா கூப்புடுவார், நான் பேசிக்கிட்டே இருப்பேன்.